ஒரே அட்டவணை, மூன்று கற்றைகள்: ஆற்றல் நிறமாலை உரைக்கோப்புகளில் பொருள் மயக்கம்

துகள் கற்றையின் ஆற்றல் நிறமாலையை மான்டி கார்லோ மென்பொருளுக்குள் கொண்டுவர இரண்டு நிரல்கள் கொண்ட உரைக்கோப்பு போதும் என்றே பெரும்பாலும் கருதுகிறோம்: ஒன்றில் ஆற்றல், மற்றதில் எடை. சிக்கல் இந்த எளிமையில்தான் இருக்கிறது. எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைக் கோப்பே சொல்லாவிட்டால், பிழையற்ற அட்டவணையிலிருந்தும் தவறான கற்றை பிறக்கும். கணக்கீடு தடையின்றி ஓடி முடியும்.

விளக்கத்துக்காக மிகச் சிறிய ஃபோட்டான் அட்டவணை ஒன்றை அமைத்துக்கொள்வோம். ஆற்றல் நிரலில் 1, 2, 6 (மெகா எலக்ட்ரான் வோல்ட், இனி மெ.எ.வோ.), எடை நிரலில் 0.2, 0.4, 0.4. ஆற்றல்களைப் பிரிவுகளின் மேல் எல்லைகளாகவும், 0-வை முதல் பிரிவின் கீழ் எல்லையாகவும், எடைகளை அந்தந்தப் பிரிவின் மொத்தப் பங்காகவும் கொண்டால் சராசரி ஆற்றல் 2.3 மெ.எ.வோ. அதே எடைகள் ஒரு மெ.எ.வோ. அகலத்துக்கான அடர்த்தி என்றால், 4 மெ.எ.வோ. அகலமுள்ள கடைசிப் பிரிவு மற்றவற்றை அமுக்கிவிடுகிறது, சராசரி 3.23. ஆற்றல்களைத் தனித்த கோடுகளாக வாசித்தால் 3.4. எடை நிரலைக் கூட்டினால் 1 வருகிறது. ஆகவே சரிபார்ப்பவருக்கும் ஐயம் எழாது.

இந்த வேறுபாடு சிறியதன்று. நீரில் 2 மெ.எ.வோ. ஃபோட்டானின் நிறை தணிவுக் கெழு கிராமுக்கு 0.0494 ச.செ.மீ.; 3 மெ.எ.வோ.-வில் 0.0397. அதாவது 10 செ.மீ. நீரை மோதலின்றிக் கடப்பவை முதலதில் ஏறத்தாழ 61 விழுக்காடு, அடுத்ததில் 67. கதிர்மருத்துவக் கணக்கில் இந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள இடமில்லை.

கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் இஜிஎஸ்என்ஆர்சி மென்பொருள் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அதன் நிறமாலைக் கோப்பில் முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரியில் பிரிவுகளின் எண்ணிக்கை, முதல் பிரிவின் கீழ் எல்லை, பிறகு ஒரே ஓர் இலக்கம்: 0 என்றால் எடை பிரிவுக்கு, 1 என்றால் மெ.எ.வோ.-வுக்கு. நம் எடுத்துக்காட்டின் 2.3-க்கும் 3.23-க்கும் நடுவே நிற்பது அந்த இலக்கம் மட்டுமே. ஆயினும் ஆற்றல் நிரல் மேல் எல்லையைக் குறிக்கிறது என்பது கோப்பில் இல்லை, கையேட்டில்தான் இருக்கிறது. லாஸ் அலமோஸின் எம்சிஎன்பி-யில் ஓர் எழுத்து வாசிப்பைத் தீர்மானிக்கிறது: எச் என்றால் பிரிவு எல்லைகள், ஏ என்றால் புள்ளிகளில் அடர்த்தி, எல் என்றால் தனித்த கோடுகள். எச் முறையில் எல்லைகள் பிரிவுகளைவிட ஒன்று கூடுதல் என்பதால் முதல் எடை 0 ஆக இருக்க வேண்டும். அந்தப் பூச்சியம் வெறும் சடங்கு அல்ல. அட்டவணை எந்த வகை என்பதற்கு அதுவே சாட்சி. ஜியன்ட்4-இன் பொதுத் துகள் மூலத்திலும் நிகழ்வுச் செவ்வகத்தின் முதல் புள்ளி கீழ் எல்லையை மட்டுமே தருகிறது. அதன் எடை கணக்கில் சேராது. இஜிஎஸ்என்ஆர்சி கோப்பின் இரு நிரல்களை அப்படியே வெட்டி அங்கே ஒட்டினால் முதல் பிரிவே காணாமல் போகும்.

அலகுப் பிழையை நான் இவ்வளவு அஞ்சவில்லை. எலக்ட்ரான் வோல்ட்டை மெ.எ.வோ. என்று வாசித்தால் விடை பத்து லட்சம் மடங்கு பிறழ்ந்து தானே காட்டிக்கொடுக்கும். 2.3 என்பது 3.23 ஆவதோ நம்பத்தக்க முகத்தோடு வருகிறது.

அப்படியானால் உரைக்கோப்பையே கைவிட்டு இருமக் கோப்புக்கு மாறலாமே என்பர். நான் உடன்படவில்லை. மோகனும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட முடுக்கி நிறமாலைகளை இன்றும் எந்தத் திருத்தியிலும் திறந்து படிக்க முடிவது அவை உரையாக இருப்பதால்தான். சர்வதேச அணுசக்தி முகமை 2006-இல் வகுத்த கட்டவெளிக் கோப்பு முறைகூட, துகள்களை இருமத்தில் வைத்தாலும், அவற்றின் விளக்கத்தைத் தனி உரைத் தலைப்புக் கோப்பில்தான் வைக்கிறது. துகள் வகைவாரியான சராசரி ஆற்றலும் அதில் உண்டு.

நிறமாலைக் கோப்பின் தலைப்பிலும் அத்தகைய ஒரு விளக்க வரி வேண்டும் என்பதே என் முன்மொழிவு. அலகு, எல்லையா மையமா, பிரிவுக்கா மெ.எ.வோ.-வுக்கா என்பவற்றோடு, கோப்பை உருவாக்கியவர் கணித்த சராசரி ஆற்றலையும் எழுதிவைக்கட்டும். வாசிக்கும் மென்பொருள் தன் சராசரியைத் தானே கணித்து ஒப்பிடட்டும். தலைப்பில் 2.3 என்றிருந்து தன் கணக்கில் 3.23 வந்தால், ஒரு ஃபோட்டானையும் ஏவாமல் அது நின்றுவிட வேண்டும்.