மாந்தீவும் ஒரு கிருமியின் சிதைந்த ஏடும்

மட்டக்களப்பு வாவி என்றவுடன் பாடும் மீன்களைப் பற்றிப் பேசுவது நம்மவர் வழக்கம். அதே வாவியில் மாந்தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிரித்தானியர் ஆட்சியில், தொழுநோய் கண்டவர்களை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்கென்று அங்கே ஓர் ஆஸ்பத்திரி அமைக்கப்பட்டது. கரைக்கும் தீவுக்கும் இடையே தோணி செல்லும் தூரம்தான். ஆயினும் அந்தத் தண்ணீரைக் கடந்தவன், தகப்பன், உழவன், மீனவன் என்ற பெயர்களையெல்லாம் கரையிலே விட்டுவிட்டு, ‘குஷ்டரோகி’ என்ற ஒரே பெயருடன் வாழ வேண்டியவனானான்.

இந்தத் தண்டனையின் சரித்திரம் வாவிக்கு வெகு தொலைவில் தொடங்குகிறது. 1873ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டார். தெய்வ சாபம் என்றும் முன்வினை என்றும் பிதற்றிய மூடக் கொள்கைக்கு அது பெரும் அடி. ஆனால் கிருமியைக் கண்டவர்களிடம் அதைக் கொல்லும் மருந்து இருக்கவில்லை. 1897இல் பெர்லினில் கூடிய சர்வதேச மகாநாடு, நோயாளரைத் தனிமைப்படுத்துவதே வழி என்றது. நான்கே ஆண்டுகளில், 1901இல், இலங்கையிலும் நோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. 1708இல் ஒல்லாந்தர் கொழும்புக்கருகே ஹெந்தளையில் நிறுவிய தொழுநோய் ஆஸ்பத்திரி முன்னரே இருந்தது. கிழக்கில் மாந்தீவு அதற்குத் துணையாயிற்று. கிருமியை அடக்க அறியாத ஆட்சி, கிருமியைச் சுமந்த மனிதனை அடக்கியது.

இத்தனை அச்சத்துக்கும் காரணமான அந்தக் கிருமி எத்தகையது? அதன் உள்ளமைப்பை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

ஓர் உயிரின் மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்றறிய விஞ்ஞானிகள் கையாளும் வழி எளியது: அதைப் பழுதாக்கிவிட்டு, எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்ப்பது. 1941இல் பீடில், டேட்டம் என்ற இரு அமெரிக்கர் பூஞ்சண வித்துகள்மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினர். விகாரமடைந்த சில பூஞ்சணங்கள், தமக்கு வேண்டிய ஒரு வைட்டமினைத் தாமே ஆக்கும் திறனை இழந்திருந்தன. பழுதான மரபணுவின் தொழில் இவ்வாறு வெளிப்பட்டது. 1958இல் இவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வழி தொழுநோய்க் கிருமியிடம் செல்லவில்லை. சோதனைச்சாலைத் தட்டில் அது வளர்வதேயில்லை. 1960இல் ஷெப்பர்ட் என்பவர் சுண்டெலியின் பாதத்தில் அதைப் பெருகச் செய்தார். ஒருமுறை பிளவுபட அது ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கோ நல்ல ஊட்டக் கரைசலில் இருபது நிமிடம் போதும். 1971இல் ஆர்மடில்லோ என்னும் அமெரிக்க விலங்கின் உடலில் கிருமி பெருந்தொகையாக வளர்வது கண்டறியப்பட்டது. அதன் பின்னரே ஆராய்ச்சிக்குப் போதிய கிருமி கிடைத்தது.

2001இல் பிரான்சின் பாஸ்டர் நிலையமும் இங்கிலாந்தின் சாங்கர் நிலையமும் சேர்ந்து, ஸ்டுவர்ட் கோல் தலைமையில், அக்கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டன. படிக்கப்பட்ட கிருமி தமிழ்நாட்டில் பெறப்பட்டது. அம்மாநிலத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே அவ்வகைக்குப் பெயராயின. உலக விஞ்ஞானத்தின் ஒரு பெரிய ஏடு, ஒரு தமிழ்நாட்டு நோயாளியின் உடலிலிருந்து தொடங்கியது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

அந்த ஏட்டில் ஏறத்தாழ 32 இலட்சத்து 68 ஆயிரம் எழுத்துகள். ஆனால் இயங்கும் மரபணுக்கள் சுமார் 1,600 மட்டுமே. 1,100க்கு மேற்பட்டவை விகாரங்களால் சிதைந்து செயலற்றுக் கிடந்தன. 1998இல் படிக்கப்பட்ட அதன் உறவுக் கிருமியான காசநோய்க் கிருமியில் சுமார் 4,000 மரபணுக்கள் உள்ளன. விஞ்ஞானி செய்ய முடியாதிருந்த விகாரப் பரிசோதனையை இயற்கையே நெடுங்காலமாகச் செய்து வைத்திருந்தது! இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது பல புதிர்கள் அவிழ்ந்தன.

காசநோய்க்கு 1952 முதல் பயன்படும் ஐசோனியாசிட் தொழுநோய்க்கு ஏன் பலிப்பதில்லை? அம்மருந்தை நச்சாக மாற்றுவது கிருமியின் சொந்த நொதியம் ஒன்றே. தொழுநோய்க் கிருமியில் அந்த நொதியத்தின் மரபணு சிதைந்துவிட்டது. இன்னொரு புதிர் டாப்சோன். 1940களில் வந்த இம்மருந்து நோயாளருக்குப் புதுவாழ்வு தந்தது. ஆனால் ஒற்றை மருந்தையே ஆண்டுக்கணக்காகக் கொடுத்ததன் விளைவாக, அதற்கு அசையாத கிருமிகள் தோன்றின. 1964இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் இது நிரூபிக்கப்பட்டது. காரணத்தைப் பின்னர் மரபணு ஆய்வு காட்டியது. மருந்து தாக்கும் நொதியத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். இயல்பான மரபணுவையும் மாறியதையும் எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவில் இட்டு இதனை உறுதிசெய்தனர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்குமாறு 1981இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு கூறியது எவ்வளவு சரி என்பதை இது விளக்குகிறது. 1983இல் அம்முறை இலங்கைக்கும் வந்தது. இன்று இந்நோய் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குணமாகிறது.

2005இல் வெளிவந்த ஆராய்ச்சி மற்றொரு பொய்யைத் தகர்த்தது. 21 நாடுகளின் கிருமிகளை ஒப்பிட்டபோது அவற்றிடையே வேற்றுமை மிக அற்பம் என்று தெரிந்தது. அந்த அற்ப வேற்றுமைகளைக் கொண்டே நோயின் பாதையை வரைந்தனர். கிழக்காபிரிக்காவிலோ அண்மைக் கிழக்கிலோ அது தோன்றியிருக்கலாம். மேற்காபிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமை வியாபாரத்தோடு சென்றது என்றனர். இந்நோய் ஓர் இனத்தின் இழிவன்று. மனிதர் நடந்த வழிகளிலும், மனிதரை விற்ற கப்பல்களிலும் அது பயணம் செய்திருக்கிறது.

ஆக, நாம் அஞ்சி நடுங்கிய எதிரி, தன் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்து, மனித உடலை அண்டிப் பிழைக்கும் ஒரு கிருமி. பெரும்பாலான மனிதரின் உடல் இயல்பாகவே அதை வென்றுவிடுகிறது. ஆனால் பிந்திக் கண்டுபிடித்தால் அது நரம்பை அழித்துக் கையையும் காலையும் முடமாக்கும். 2010களில் இலங்கையில் ஆண்டுதோறும் 1,500க்கும் மேற்பட்ட புதிய நோயாளர் காணப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் குழந்தை. மட்டக்களப்பு, நோய் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. மருந்து இலவசம், மருந்தைத் தேடிவர விடாமல் தடுப்பது வெட்கமும் வறுமையுமே.

கிருமியின் ஏட்டைப் படித்து முடித்துவிட்டது விஞ்ஞானம். சமுதாயத்தின் மனத்திலே படிந்துள்ள பழைய சட்டத்தைக் கிழித்தெறிவது சோதனைச்சாலையின் வேலையன்று. தோலில் உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தேமலோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியர். அப்பிள்ளையை ஒதுக்காமல் கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் ஆசிரியரே இந்தச் சரித்திரத்தின் அடுத்த பக்கத்தை எழுதுகிறார்.