மொன்பெலியே பெண்கள் வளர்த்த களிம்பு

செம்புக் குடத்தில் பச்சையாய்ப் படிவதை நாங்கள் களிம்பு எண்டு சொல்லுவம். அம்மம்மாமாரின் வீடுகளில் பழப்புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவிவிடுகிற சாமான் அது. அதையே வேண்டுமென்று வளர்த்து, சுரண்டி எடுத்து, காயவைத்து விற்ற ஊர் ஒன்று இருந்தது: பிரான்சின் தெற்கில் இருக்கிற மொன்பெலியே. வளர்த்தவர்கள் பெண்கள். வளர்க்க உதவியது வைனுக்குப் பிழிந்து மிஞ்சிய முந்திரிகைக் கழிவு.

இப்ப முந்திரிகைச் சக்கையைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய வருகுது. தோலிலிருந்து நிறம், விதையிலிருந்து எண்ணெய், இன்னும் என்னென்னவோ. வாசிக்க, நேற்றுத்தான் ஆருக்கோ தோன்றிய யோசனை போல இருக்கும். ஆனால் சக்கையிலிருந்து எடுத்த சிவப்பு நிறம் இத்தாலியில் 1879 இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. மொன்பெலியேயின் கதை அதற்கும் சில நூற்றாண்டுகள் முந்தியது.

வேலை வீட்டு நிலவறையில் நடந்தது. முதலில் முந்திரிகைக் குலையின் காம்புகளைக் காயவைத்து, வைனில் ஊறவைத்துப் பாவித்தார்கள். பிறகு, 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பிழிந்த சக்கையையே பாவிக்கும் முறை நிலைத்தது. சக்கையை இறுக்காமல் மண்பானைகளில் போட்டு மூடிவைப்பார்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் சீனி நொதித்துச் சூடேறும், புளித்த மணம் எழும்பும். சூடு அடங்கும் நேரத்தில் ஒரு செப்புத் தகட்டை உள்ளே வைத்து ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். தகடு முழுக்க ஒரே சீராய்ப் பச்சை பிடித்திருந்தால் சக்கை பதம். தகட்டில் தண்ணித் துளிகள் நின்றால் 'வியர்க்குது', இன்னும் பொறுக்கவேண்டும். பதம் வந்தபிறகு ஒரு படை சக்கை, ஒரு படை தகடு என்று அடுக்கி, பத்து தொடக்கம் இருபது நாள் வரை விடுவார்கள். சக்கை வெளிறத் தொடங்கினால் தகடுகளை வெளியே எடுக்கலாம்.

அதோடு முடியாது. தகடுகளை நிலவறை மூலையில் நிமிர்த்தி வைத்து, சில நாளுக்கு ஒருக்கால் நனைத்து எடுப்பார்கள். ஒவ்வொரு நனைப்புக்கும் பச்சை ஊதிப் பெருக்கும். அதைத் தகட்டுக்கு 'ஊட்டுவது' என்பார்கள். முந்திய காலத்தில் வைனில் நனைத்தபடியால், வெறும் தண்ணிக்கு மாறிய பிறகும் 'ஒரு வைன், ரெண்டு வைன்' என்றே எண்ணினார்கள். எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கடைசியில் பச்சையைச் சுரண்டி, பிசைந்து, தோல் பைகளில் அடைத்துக் காயவைப்பார்கள். தகடு திரும்பவும் பானைக்குப் போகும்.

இதற்குள் நடப்பது என்னவென்றால், சீனி மதுவாகி, மது வினாகிரியாகி, அந்த ஆவி செம்பைத் தின்று செப்பு அசற்றேற்று என்ற உப்பாகிறது. குடத்துக் களிம்பு எப்போதும் இதே உப்பு அல்ல, உறவுக்காரன் என்று சொல்லலாம். ஓவியர்களும் சாயக்காரர்களும் இதை வாங்கினார்கள். நல்ல பச்சை, ஆனால் நாள்பட மண்ணிறமாகிவிடும் குணம் அதற்கு உண்டு. நஞ்சும் கூட. இதை அழகான கதையாய் மட்டும் சொல்ல எங்களுக்கு மனமில்லாததுக்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், இதை எழுதிவைத்தவர்கள் யார் என்பது. அந்த ஊர் மருந்தாளர் மொன்டே 1750களில் இந்த முறையை விவரித்தார். பின்னர் மொன்பெலியேயில் இரசாயனம் படிப்பித்த சாப்தால், நெப்போலியனின் உள்நாட்டு அமைச்சராக இருந்த அதே சாப்தால், விரிவாக எழுதினார். வியர்ப்பது, ஊட்டுவது எல்லாம் நிலவறைப் பேச்சிலிருந்து அவர்களின் தாளுக்கு வந்தவை. தாயிடமிருந்து மகளுக்குப் போன அறிவு, தாளில் ஏறியதும் இரசாயனமாகிவிட்டது. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் எழுதாவிட்டால் எங்களுக்கு இந்தக் கதையே கிடைத்திராது. ஆனால் மது வினாகிரியாவது உயிருள்ள ஒன்றின் வேலை என்று பாஸ்டர் காட்டியது 1860களில்தான். அதுக்கு எவ்வளவோ முன்னமே அந்த உயிரை, பெயர் தெரியாமலே, இந்தப் பெண்கள் கண்ணாலும் மூக்காலும் மேய்த்திருக்கினம். அதைக் 'கைப்பழக்கம்' என்று தள்ளிவிட்டு அறிவியல் வரலாற்றை ஆய்வுகூடத்தில் தொடங்குவது எங்களுக்குச் சரியாய்ப் படவில்லை.

வைன் பீப்பாய்களின் உட்பக்கத்தில் படியும் பொருக்குக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. அதிலிருந்து 1769 இல் ஷீலே தாத்தாரிக்கமிலத்தைப் பிரித்தார். அம்மம்மா களிம்பைக் கழற்றுகிற பழப்புளியில் இருப்பதும் அந்த அமிலம்தான்.

மொன்பெலியேத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் தளர்ந்தது. விறகைக் காய்ச்சி வடித்து வினாகிரி அமிலத்தைத் தொழிற்சாலைகள் மலிவாய் எடுக்கத் தொடங்கின, புதிய பச்சைகளும் சந்தைக்கு வந்தன. ஷீலே 1775 இல் செய்த பச்சை அவற்றில் ஒன்று, அதில் ஆசனிக் இருந்தது. அந்தப் பச்சைகளைச் செய்ய நிலவறையும் தேவையில்லை, சக்கையும் தேவையில்லை.