நாடாவில் பதிந்த குரலும் தீர்ப்பில் அதன் முகவரியும்

சட்ட எழுத்தில் மேற்கோள் என்பது, எழுதியவர் சுட்டும் சான்றைப் படிப்பவர் தாமே தேடி எடுத்துச் சரிபார்த்துக்கொள்வதற்கான முகவரியாகும். தீர்ப்புத் தொகுதியின் பெயர், ஆண்டு, பக்க எண் என்று அந்த முகவரி அமைந்ததற்குக் காரணம், சட்டத்தின் நினைவு முழுவதும் தாளில் இருந்தது என்பதே. பக்கமும் வரியும் இல்லாத ஒலிப்பதிவும் காணொலியும் நீதிமன்றத்துக்குள் வந்தபோது, அவற்றைச் சான்றாக ஏற்கலாமா என்ற கேள்வியோடு, ஏற்ற பின் எதைச் சுட்டி எழுதுவது என்ற கேள்வியும் உடன் வந்தது. இந்திய நீதிமன்றங்கள் இவ்விரண்டுக்கும் அளித்த விடைகளைத் தொடர்ந்து பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் குரலை ஏதேனும் ஒரு வகை எழுத்தோடு பிணைத்த பிறகே சட்டம் அதை நம்பியது என்பது புலப்படும்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், எழுத்துகள், எண்கள் அல்லது குறிகளைக் கொண்டு ஏதேனும் ஒரு பொருளின் மீது பதிவு செய்யும் நோக்கத்துடன் வெளிப்படுத்தப்பட்ட செய்தி எதுவாயினும் அது ஆவணம் என்று வகுத்தது. அச்சிட்ட சொற்கள், நிலப்படம், கேலிச்சித்திரம் ஆகியவற்றோடு, உலோகத் தகட்டிலோ கல்லிலோ பொறித்த வாசகத்தையும் அச்சட்டம் எடுத்துக்காட்டாகத் தந்தது. செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் இடமளித்த அந்த வரையறையில் குரலுக்கு இடமில்லை. எடிசனின் ஃபோனோகிராஃப் பிறந்ததே ஐந்து ஆண்டுகள் கழித்து, 1877-இல்தான். ஆயினும் ‘குறி’ என்ற அந்த ஒரு சொல்லின் வழியாகவே பிற்காலத்தில் காந்த நாடா ஆவணங்களின் வரிசையில் சேர்ந்தது.

பிற நாடுகளில் இயந்திர ஒலி நீதிமன்றத்தை முன்னதாகவே எட்டியிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஓட்டல் ஒன்றின் அருகே ரயில்பாதை அமைந்ததால் எழுந்த இழப்பீட்டு வழக்கில், ரயில்களின் இரைச்சலை ஃபோனோகிராஃபில் பதிந்து ஜூரிகளுக்குப் போட்டுக் காட்டியதை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1906-இல் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இச்சிக்கலைத் தொடக்கத்தில் எதிர்கொண்ட தீர்ப்புகளுள் ஒன்று பஞ்சாப் உயர் நீதிமன்றத்தின் 1956-ஆம் ஆண்டுத் தீர்ப்பாகும். சாட்சி ஒருவர் முன்பு பேசியதற்கு முரணாகச் சாட்சியம் அளித்தால் அவரது பழைய கூற்றை எடுத்துக்காட்டி மடக்கலாம். ஆனால் அதற்கான சாட்சியச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு ‘எழுத்தில் உள்ள’ கூற்றைப் பற்றியே பேசியது. நாடாவில் பதிந்த பேச்சு எழுத்தாகாது என்று கூறிய நீதிமன்றம், சாட்சியின் நம்பகத்தன்மையைத் தகர்ப்பதற்கான 155-ஆம் பிரிவின் கீழ் அதே நாடாவை அனுமதித்தது.

அடுத்த திருப்பம் உச்ச நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. பஞ்சாப் அரசு மருத்துவர் ஒருவர் தம் மீதான நடவடிக்கை அன்றைய முதலமைச்சரின் தனிப்பட்ட பகையால் விளைந்தது என்று காட்டத் தொலைபேசி உரையாடல் நாடாக்களை முன்வைத்தார். அவ்வழக்கில் 1963-இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து சென்ற நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். நாடாவைத் திருத்த முடியும் என்பதற்காகவே அதைத் தள்ளிவிட இயலாது என்றும், திருத்தவே முடியாத சான்று என்று ஏறக்குறைய எதையும் சொல்ல முடியாது என்றும் அத்தீர்ப்பு காரணம் கூறியது.

1967-இல் தீர்ப்பான மும்பை வழக்கு இக்காரணத்தைச் சோதித்துப் பார்த்தது. மாநகராட்சி எழுத்தர் ஒருவருக்கு லஞ்சம் கொடுக்க வந்தவரைப் பிடிப்பதற்காக எழுத்தரின் வீட்டில் புத்தகங்களுக்கு இடையே ஒலிவாங்கியை ஒளித்துவைத்து, ஒலிப்பதிவுக் கருவியை உள்ளறையில் வைத்துக் காவலர்கள் மறைந்திருந்தனர். பதிந்த நாடாவுக்கு முத்திரையிடாமல் அதிகாரி தம் வசமே வைத்திருந்தது ஐயத்துக்கு இடமளிக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் ஒருவர் அறியாமல் எடுத்த நிழற்படம் சான்றாகுமானால், பேசுவோர் அறியாமல் பதிந்த பேச்சும் சான்றாகும் என்று கூறித் தண்டனையை உறுதிசெய்தது. காதால் கேட்பதைக் கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிட்ட இந்த வாதத்தை வளர்த்தெடுத்து, 1975-இல் தேர்தல் வழக்கொன்றில், ஒலிநாடா சாட்சியச் சட்டத்தின் பொருளில் ஆவணமே என்று நீதிமன்றம் வெளிப்படையாகக் கூறியது.

ஆவணம் என்றான பின் அதை மெய்ப்பிக்கும் முறை தேவைப்பட்டது. 1985-இல் ஹரியானா தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறு நிபந்தனைகளைத் தொகுத்தது: குரல் இன்னாருடையது என்று பதிந்தவரோ அக்குரலை அறிந்தவரோ அடையாளம் காட்ட வேண்டும், பதிவின் துல்லியம் நிறுவப்பட வேண்டும், வெட்டி ஒட்டப்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் நீங்க வேண்டும், பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், நாடா முத்திரையிடப்பட்டுப் பாதுகாப்பில் இருந்திருக்க வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். நடைமுறையில் இவற்றோடு ஒலியின் எழுத்துவடிவமும், பேச்சு வேறு மொழியில் இருந்தால் அதன் மொழிபெயர்ப்பும் இணைந்தன. இந்தியத் தீர்ப்புகள் அடிக்கடி எடுத்தாளும் 1965-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பே இதற்கு நல்ல சான்று. பிராட்ஃபோர்டு நகரில் இருவர் பஞ்சாபி வட்டார வழக்கில் பேசிக்கொண்டதை மறைவாகப் பதிந்த நாடாவும், அதன் மொழிபெயர்ப்பும் அவ்வழக்கில் ஏற்கப்பட்டன. தீர்ப்பு எழுதும் நீதிபதி குரலைக் கேட்டாலும், எடுத்தெழுதுவது அந்த எழுத்துவடிவத்திலிருந்துதான்.

விசாரணை நீதிமன்றத்தில் சான்று பெறும் எண்ணிலும் இந்த இரட்டை நிலை வெளிப்படுகிறது. தமிழ்நாட்டுக் குற்றவியல் தீர்ப்புகளில் அரசு தரப்பு ஆவணங்கள் ‘அ.சா.ஆ.’ என்றும், கத்தி, துணி போன்ற சான்றுப் பொருள்கள் ‘சா.பொ.’ என்றும் எண்ணிடப்படுகின்றன. காணொலி அடங்கிய நினைவக அட்டை கையில் பிடிக்கும் பொருளாகவும், உள்ளடக்கத்தால் ஆவணமாகவும் இருப்பதால் எந்த வரிசையில் அதைச் சேர்ப்பது என்ற ஐயம் எழுந்தது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய அட்டையின் உள்ளடக்கம் ஆவணமே என்று முடிவு செய்தது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் கருதிக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் தராமல் பார்வையிட மட்டும் வாய்ப்பளித்தது.

நாடாவின் காலம் முடிந்து கணினியின் காலம் தொடங்கியபோது பிணைப்புக்கான எழுத்தும் மாறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் சாட்சியச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 65பி பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தருபவர், அது உருவான விதத்தையும் கருவியையும் விவரித்துக் கருவிக்குப் பொறுப்பானவர் கையொப்பமிட்ட சான்றிதழை இணைக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005-இல் நீதிமன்றம் சான்றிதழ் இல்லாமலும் மெய்ப்பிக்கலாம் என்றது. கேரளத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தலில் ஒலிபரப்பிய பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகள் பற்றிய வழக்கில் 2014-இல் அந்நிலை தலைகீழாகி, சான்றிதழ் கட்டாயமாயிற்று. கருவிக்குப் பொறுப்பானவரின் வாய்மொழிச் சாட்சியமே போதும் என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் சற்று நெகிழ்த்தியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அக்கருத்தையும் நீக்கியது. ஜால்னா தொகுதியில் வேட்புமனு பிற்பகல் 3 மணிக்குப் பிறகு தாக்கலானதா என்பதைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகக் காணொலி கொண்டு காட்ட முயன்ற அவ்வழக்கில், அதிகாரிகள் சான்றிதழ் தர மறுத்ததால், முடியாததைச் செய்யச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்ற நெறி கைகொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அத்தீர்ப்போடு இணைந்த தம் தனிக் கருத்துரையில் பிற நாட்டுச் சட்டங்களையும் ஒப்பிட்டார்.

காணொலியைத் தீர்ப்போடு நேரடியாக இணைக்கும் முயற்சியும் நிகழ்ந்துள்ளது. கார் துரத்தல் ஒன்றைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் காவல் வாகனக் காணொலியைத் தன் இணையதளத்தில் வைத்து, தீர்ப்பிலேயே அதற்கு இணைப்பு கொடுத்தது. படிப்பவர் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அமைந்த அந்த மேற்கோளுக்குப் பிறகும், எட்டு நீதிபதிகள் கண்டதை ஒன்பதாமவரான ஜான் பால் ஸ்டீவன்ஸ் காணவில்லை. ஆகவே மணி, நிமிடம், நொடி என்று இடத்தைச் சுட்டினாலும், அங்கே என்ன தெரிகிறது என்பதை எழுத்தில் சொல்லி வாதிட வேண்டிய கடமை எழுதுபவரை விட்டு நீங்குவதில்லை.

பழைய சாட்சியச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிக்கச் சொல்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண்ணெழுத்துத் தொடரான அம்மதிப்பு, கோப்பில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் முற்றிலும் மாறிவிடுவதால், பழைய அரக்கு முத்திரையின் வேலையைச் செய்கிறது. முத்திரையிடாத நாடாவின் குறையை நிரப்ப 1967-க்குப் பின் இத்தனை காலம் ஆயிற்று. அந்த மும்பைத் தீர்ப்பை ‘ஏ.ஐ.ஆர். 1968 எஸ்.சி. 147’ என்ற முகவரியில் இன்றும் யாரும் நொடியில் எடுத்துப் படிக்கலாம். புத்தகங்களுக்கு இடையே இருந்த ஒலிவாங்கி பிடித்த குரலுக்கோ அத்தகைய முகவரி எதையும் அந்தப் பக்கம் தருவதில்லை.