பாரமும் உரிமமும்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் சாலையில் எந்தச் சரக்கு லாரியின் பக்கப் பலகையை நோக்கினாலும், வண்ணத்தால் எழுதப்பெற்ற இரண்டு எண்களைக் காணலாம். ஒன்று ‘பெராட் தன்பா முவாத்தான்’, அஃதாவது சுமை ஏற்றாத வண்டியின் எடை. மற்றொன்று ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’, சுமையோடு கூடிய வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை. மலாய் எழுத்துகளில் இவற்றைச் சுருக்கும்போது வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தமிழில் சுருக்கப் புகுந்தாலோ இரண்டுமே ‘பி.டி.எம்.’ என்றுதான் வந்து நிற்கும்! நம் நெடுங்கணக்கு இவ்விடத்தில் கைகொடுப்பதில்லை. ஆகவே முதலாவதை வெற்றெடை என்றும், இரண்டாவதைச் சுமையெடை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

நாள்தோறும் கண்ணில் பட்டும் கருத்தில் படாத இவ்விரண்டு எண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம்மவர்க்கும் பங்கு உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எடை என்பது முதலில் சாலைச் செய்தியாக இருக்கவில்லை. வரிச் செய்தியாகவே இருந்தது. உள்நாட்டுச் சுரங்கங்களில் தோண்டிய ஈயம் படகில் ஏறிக் கிள்ளான் ஆற்றின் வழியே கடலுக்கு வந்தது. ஆற்று முகத்தில் அமர்ந்திருந்த தலைவர், வந்த ஈயத்தை நிறுத்து வரி வாங்கினார். அன்று அதனை நிறுத்த அளவின் பெயர் ‘பஹாரா’. 3 பிகுல் சேர்ந்தது ஒரு பஹாரா. 400 இராத்தல், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 181 கிலோ. இச்சொல் வடமொழி ‘பார’ என்பதன் வழிவந்தது; நாம் வழங்கும் ‘பாரம்’ என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. இந்த வரியை வாங்கும் உரிமை யாருக்கு என்ற பூசலே 1867இல் தொடங்கிச் சில ஆண்டுகள் சிலாங்கூரை அலைக்கழித்த உள்நாட்டுப் போருக்குப் பெருங்காரணமாயிற்று. பாரத்தை நிறுப்பவன் கையில் அதிகாரம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆற்றில் மேலேறி வந்த பொருள்கள் டாமான்சாராத் துறையில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் கோலாலம்பூரை அடைந்த காலமும் ஒன்று உண்டு. 1886இல் இருப்புப் பாதை வந்து அந்த நெடும்பயணத்தைச் சுருக்கியது. ஆயினும் மாட்டுவண்டிக்கு வேலை குறைந்துவிடவில்லை. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்ற கோலாலம்பூரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் திரும்பக் கட்டவேண்டும் என்று ஆட்சியாளர் முடிவு செய்தனர். அதற்கான சூளைகள் எழுந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். இன்று கோயில்களுக்கும் உணவுக் கடைகளுக்கும் பெயர்பெற்ற அவ்வட்டாரம், பெயரளவில் இன்னும் ஒரு செங்கற்களம்தான்.

ஒரு செங்கல் 3 கிலோ என்று கொள்வோம். 300 செங்கல் ஏற்றினால் 900 கிலோ. பழைய கணக்கில் கிட்டத்தட்ட 15 பிகுல். இரட்டை மாடு இழுக்கும் வண்டிக்கு இது நல்ல பாரம். இவ்வண்டிகளை ஓட்டியவர்களுள் தமிழர் பலர். அவர்கள் பாரத்தைக் கணக்கிட்டது தராசினால் அன்று. மாட்டின் நடை, கழுத்தின் புடைப்பு, நுகத்தடியின் முனகல் ஆகியவையே அவர்களுக்கு அளவுகோல். பாரம் மிகுந்தால் மேட்டில் மாடு நின்றுவிடும்; அடித்தாலும் நகராது. அந்த வண்டியிலேயே ஓர் எல்லைச் சட்டம் உயிரோடு கட்டப்பட்டிருந்தது என்று சொல்லலாம். இயந்திர வண்டியிடம் அந்தக் குணம் இல்லை. இரண்டு மடங்கு ஏற்றினாலும் அது புறப்பட்டுவிடும். நிற்கவேண்டிய இடத்தில்தான் நில்லாது.

மாடு தாங்கினாலும் சாலை தாங்கவில்லை. இரும்புப் பட்டை இட்ட ஒடுங்கிய சக்கரம், செம்பூரான்கல் பரப்பிய சாலையைக் கத்தி போல் கிழித்தது. ஒரே பாரம் அகன்ற சக்கரத்தில் பரவும்போது மண் பொறுத்துக்கொள்ளும். குறுகிய சக்கரத்தில் குவியும்போது பொறாது. அனுபவத்தால் அறியப்பட்டிருந்த இவ்வுண்மையை, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெருஞ்சோதனை எண்களால் அளந்து காட்டிற்று. சாலைக்கு நேரும் சேதம், அச்சு ஒன்றின்மேல் விழும் எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி வளர்கிறது என்பது அதன் முடிவு. அஃதாவது, அச்சின் எடை இருமடங்கானால் சேதம் இருமடங்கன்று, 16 மடங்கு. கணித வகுப்பில் அடுக்குகளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தத்தக்க எடுத்துக்காட்டு இது. கூட்டரசுச் சாலைகளில் அச்சுக்கும் வண்டிக்கும் எடை வரம்பு விதிக்கும் 1989ஆம் ஆண்டின் ஆணை பிறந்ததும் சாலையையும் பாலத்தையும் காக்கவேண்டும் என்ற இக்கவலையால்தான்.

இனி, உரிமத்திற்கு வருவோம். மலாய் மொழியில் ‘கெரேத்தா’ என்பது போர்த்துகீசியர் வழிவந்த சொல். மாட்டுவண்டி, குதிரைவண்டி, இரயில் வண்டி எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கின. இன்றோ தனியே சொன்னால் மோட்டார் காரையே குறிக்கும். வண்டியின் பெயர் மாறாமல் வண்டி மாறியதைப்போலவே, ஓட்டியின் பெயரும் மாறாமல் தொழில் மாறிற்று. ‘சைஸ்’ என்றால் குதிரையைப் பேணுபவன். அரபு மூலத்தைக் கொண்ட சொல், இந்தியா வழியாக இங்கே வந்தது. துரைமார்கள் குதிரை வண்டியை விட்டு மோட்டாருக்கு மாறியபோது, அதை ஓட்டியவரும் ‘சைஸ்’ என்றே அழைக்கப்பட்டார். குதிரையை அறிந்தவனுக்குப் புல்லும் தண்ணீரும் தெரிந்தால் போதும். மோட்டாரை ஓட்டுபவனுக்கு அரசாங்கத்தின் தாள் ஒன்று வேண்டும் என்பதே புதுமை.

அந்தத் தாளை வகைப்படுத்திய முறை பிரிட்டனிலிருந்து வந்தது. அந்நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வண்டிகளை வெற்றெடையைக் கொண்டே பாகுபடுத்திற்று. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பெறும் உரிமங்களும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. வெற்றெடை 3,500 கிலோவுக்கு மேற்படாத காருக்கு ‘டி’ வகுப்பு. கனவண்டிகளில் 5,000 கிலோ வரை ‘இ2’, 7,500 கிலோ வரை ‘இ1’, அதற்கும் மேல் ‘இ’. காருக்கு 17 வயது போதும். கனவண்டிக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். வாணிகச் சரக்கு ஏற்றுவதற்குத் தொழில்முறை உரிமம் தனியே உண்டு. இதனைப் பெறுவதற்குப் படும் பாட்டை லாரி ஓட்டும் குடும்பங்கள் அறியும். பாடுபடாமல் பெற்றதைக் ‘கோப்பி லைசன்’ என்று நம் மக்கள் எள்ளுவதும் உண்டு.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஓட்டும் தகுதியை முடிவு செய்வது வெற்றெடை. சாலையில் குற்றமா இல்லையா என்பதை முடிவு செய்வது சுமையெடை. ஒன்றைச் சரியாக வைத்திருப்பவன் மற்றொன்றில் தவறியிருக்கலாம்.

இதனை விளக்கக் குதிரை லாரியைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தோன்றவில்லை. சிலாங்கூர் குதிரைப்பந்தயச் சங்கம் 1896இல் தோன்றியது. இரட்டைக் கோபுரங்கள் இன்று நிற்கும் அம்பாங் சாலை நிலத்தில்தான் அதன் பந்தயத் திடல் நெடுங்காலம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்குப் பெயர்ந்தது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று பந்தயங்கள் சுற்றிச் சுற்றி நடந்தமையால், குதிரைகளும் ஊர் ஊராகப் பயணம் செய்தன. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு பந்தயம் முடிவுற்றது. முன்பு இரயிலில் சென்ற குதிரைகள் பின்பு லாரியில் ஏறின.

பந்தயக் குதிரை ஒன்று 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். வெற்றெடை 4,900, சுமையெடை 7,500 என்று பலகையில் எழுதிய ஒரு லாரியை எண்ணிக்கொள்வோம். அது தாங்கக்கூடியது 2,600 கிலோ. நான்கு குதிரைகள் ஏறினால் 2,000. குதிரைக்காரர் இருவர், தண்ணீர், தீவனம், சேணம் என்று 400 கிலோ சேர்ந்தாலும் தப்பலாம். ஐந்தாவது குதிரை ஏறிய உடனே வரம்பு 300 கிலோ மீறப்பட்டுவிடும். ஆனால் ஓட்டுநர் வைத்திருக்கும் ‘இ2’ உரிமம் நான்கு குதிரைக்கும் செல்லும், ஐந்து குதிரைக்கும் செல்லும். குதிரையே இல்லாவிட்டாலும் செல்லும். உரிமத்தை நீட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகிறவர் எடை மேடையில் ஏறும்போதுதான் வேறுபாட்டை உணர்வார். மேலும், செங்கல் வைத்த இடத்தில் இருக்கும். குதிரை நின்றபடியே வருவது. வளைவில் அது உடலைச் சாய்க்கும், அஞ்சினால் உதைக்கும். ஈர்ப்பு மையம் உயரத்தில் இருந்து, பாரமும் தானாக நகருமாயின், வரம்புக்கு உட்பட்ட வண்டியைக்கூட மெதுவாகத்தான் திருப்ப வேண்டும்.

பிரிட்டன் இப்போது வேறு வழியில் செல்கிறது. அங்கே உரிமத்தை வகுப்பதும் அனுமதிக்கப்பட்ட உச்ச எடைதான். 1997 சனவரி முதல் நாளுக்குப் பின் கார்ச் சோதனையில் தேறியவர், அந்த உரிமத்தைக் கொண்டு 3,500 கிலோ உச்ச எடையுள்ள வண்டியையே ஓட்டலாம். அதற்கு முன் தேறியவர் 7,500 கிலோ குதிரை வண்டியையும் ஓட்டலாம். அதே 3,500 என்ற எண் நம் நாட்டிலும் இருக்கிறது. அங்கே சுமையோடு, இங்கே சுமையின்றி! எண்ணை மட்டும் பார்த்து வெளிநாட்டு நூல்களைப் படிப்பவர் இதில் ஏமாறுவர். அவர்கள் முறையே மேலானது என்பது என் கருத்து. வண்டியை நிறுத்துவதற்குத் தேவைப்படும் திறமை, வெறும் வண்டியின் எடையைப் பொறுத்ததன்றே!

2025 மே 13ஆம் நாள், தெலுக் இந்தான் அருகே சரளைக்கல் ஏற்றி வந்த லாரியோடு கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டி மோதி, அவர்களுள் ஒன்பதின்மர் உயிரிழந்தனர். லாரியில் அளவுக்கு மிஞ்சிய சுமை இருந்ததைப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி ‘ஓட்டுநருக்கு உரிமம் உண்டா?’ என்பதே. ‘ஏற்றியவர் யார், நிறுத்துப் பார்த்தாரா?’ என்பது பிறகுதான் வருகிறது.

லாரி ஓட்டுநர் பலர் மாதச் சம்பளத்தைவிட நடைக்கூலியை நம்பியே வாழ்கின்றனர். ஒரு நடைக்கு இத்தனை வெள்ளி என்ற கணக்கில், கூட ஏற்றச் சொல்லும் முதலாளிக்கு ‘முடியாது’ என்று சொல்வது எளிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கிள்ளான், ஷா ஆலாம் பகுதிகளுக்கு வந்து, லாரியில் உதவியாளராகத் தொடங்கி ஓட்டுநராக உயர்ந்த நம்மவர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வண்டியை நடத்தும் நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கக் கூடியது. ஆயினும் நள்ளிரவில் எடை மேடையில் நிற்பவர் நிறுவனம் அல்லர். உரிமத்தைக் கையில் பிடித்தபடி நிற்பவர் ஓட்டுநரே. வண்டி நிறுக்கப்பட வேண்டிய இடம் அந்த மேடையன்று, சுமை ஏற்றும் களம். ஆற்று முகத்து அதிகாரி ஒவ்வொரு பஹாராவையும் நிறுத்து வாங்கிய ஊரில், இன்று புறப்படும் இடத்திலேயே தராசு வைத்திருக்கும் கிடங்குகள் எத்தனை என்று மாணவர்கள் ஒரு முறை சுற்றிப் பார்த்து எண்ணி வரலாம்.