சிவப்பில்லாத வட்டம்: போர்விமான மாதிரிகளும் ஒரு தமிழ் ஃபிட்டரும்

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "பேரனுக்கு வாங்கினதா சார்?" உள்ளே இருப்பது ஒரு ஹரிக்கேன் விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருபது அங்குலம். "இல்லை, நான் கட்டினது" என்பேன். கேட்டவர் என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்படியா, நல்ல பொழுதுபோக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவார். பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் எங்கள் மாமாவுக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சங்கத்து மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டது நல்லதாகப் போயிற்று.

விளையாட்டல்ல, போர்க்காலப் பாடம்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்யும் கிட்டுகள் 1936-இல் இங்கிலாந்தில் 'ஃப்ராக் பெங்குவின்' என்ற பெயரில் கடைக்கு வந்தன. அளவு 72-இல் ஒன்று. அதாவது அசலில் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம். அடி, அங்குலம் என்றே கணக்குப் போட்ட காலத்தில் அது வசதியான எண்.

போர் வந்ததும் இந்த விளையாட்டுச் சாமான் பாடக் கருவியாகிவிட்டது. வானத்தில் வருவது நம் விமானமா எதிரி விமானமா என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். தவறினால் நம்மவனையே நாம் சுட்டு வீழ்த்துவோம். 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் கேட்டது. ஐம்பது வகை விமானங்கள், எல்லாம் அதே 72-இல் ஒன்று அளவு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த அளவு மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், அசல் விமானம் 2,520 அடி, அதாவது ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். வகுப்பறைக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டே வானத்தைப் படிக்கலாம்.

போர் முடிந்தபின் மீண்டும் கடைத்தெருவுக்கு வந்தது. நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் 1939-இல் லண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1953-இல் தன் முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டை இரண்டு ஷில்லிங் விலைக்கு விற்றது. 1970-இல் அதே நிறுவனம் 24-இல் ஒன்று என்ற பெரிய அளவில் ஒரு ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ஹரிக்கேனும் வந்தது. 72 அளவில் உள்ளங்கைக்குள் அடங்கும் மனிதப் பொம்மை இங்கே ஏழு சென்டிமீட்டர் நிற்கும். இயந்திரம், அதன் குழாய்கள், விமானியின் இருக்கை, துப்பாக்கிப் பெட்டி எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இங்கேதான் சிக்கலும் ஆரம்பம். சிறிய மாதிரியில் தவறு ஒளிந்துகொள்ளும். பெரிய மாதிரியில் ஒளிய இடமில்லை.

மாமா பார்த்த பார்வை

1973-இல் மத்திய அரசு வேலைக்காக டில்லி வந்தவன் நான். இருபது வருஷம் கழித்து, லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்தப் பெரிய ஹரிக்கேன் கிட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏழு மாதம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கட்டினேன். பெட்டியில் இருந்த சின்னங்களின்படி பிரிட்டிஷ் விமானமாகச் செய்திருக்கலாம். நமக்குத்தான் நம்ம ஊர்ப் பற்று விடாதே! பர்மாப் போர்முனையில் இந்திய விமானப்படை ஓட்டிய ஹரிக்கேனாக ஆக்கினேன். பச்சையும் மண்நிறமும் பளபளவென்று பூசி, நீலம், வெள்ளை, சிவப்பு வட்டங்களை ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

1994 டிசம்பரில் அம்மாவின் தம்பி கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்து தங்கினார். வயது 73. போர்க்காலத்தில் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர், இம்பால் பக்கம் வேலை பார்த்தவர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அதைப்பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வந்த அன்று காபி டம்ளரோடு அலமாரி முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னடா, நம்ம ஆளே சுட்டுத் தள்ளட்டும்னு செஞ்சு வச்சியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வட்டத்தின் நடுவில் இருந்த சிவப்பைக் காட்டினார். "இந்தச் சிவப்போட பர்மா பக்கம் ஒரு வண்டிகூடப் பறக்காதுடா."

விஷயம் இதுதான். ஜப்பானிய விமானத்தின் சின்னம் ஒரு சிவப்பு வட்டம். வேகமாகப் போகும் விமானத்தில் கண்ணுக்கு முதலில் படுவது சிவப்புதான், சுற்றியுள்ள நீலம் படாது. அதனால் அமெரிக்கர்கள் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்தார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பு போய், அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் என்று ஆயிற்று. புத்தகத்தில் நான் பிறகு தேடிப் படித்ததை மாமா கையால் பூசியிருக்கிறார்.

அதோடு விடவில்லை. "மூக்குக்குக் கீழே தாடை மாதிரி ஒண்ணு தொங்குமே, அது எங்கே?" என்றார். தூசி வடிகட்டியைச் சொல்கிறார். வோக்ஸ் வடிகட்டி என்று அதற்குப் பெயர். வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களில் இயந்திரத்துக்குள் மண் போகாமலிருக்க அதைப் பொருத்தினார்கள். வேகம் கொஞ்சம் குறையும், இயந்திரம் பிழைக்கும். "அதைக் கழட்டிக் கழுவறதே பாதி வேலைடா எங்களுக்கு." இறக்கையிலும் கை வைத்தார். கிட்டில் வந்தது எட்டு இயந்திரத் துப்பாக்கி கொண்ட முதல் வகை. அவர் பார்த்தவற்றில் நான்கு பீரங்கிக் குழல்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக வால்பக்கம். பழசான தோற்றம் வரட்டும் என்று அங்கங்கே வெள்ளிநிறத்தைத் தொட்டு, பெயிண்ட் உரிந்து தகரம் தெரிவதுபோல் செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மாமா சிரித்துவிட்டார். "அங்கே ஏதுடா தகரம்? அது துணி!"

உண்மைதான். சிட்னி காம் வடிவமைத்து 1935 நவம்பரில் முதன்முதல் பறந்த ஹரிக்கேனின் பின்பாதி, உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சிம்புகள், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. துணிமேல் டோப் என்னும் பசைத் திரவத்தைப் பூசினால் அது முரசுத் தோல்போல் இறுகும். குண்டு துளைத்தால் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு டோப் அடித்து அனுப்பிவிடலாம். பட்டறை வசதியில்லாத மண்தரை விமானத்தளங்களில் இந்த விமானம் தாக்குப்பிடித்ததற்கு இது முக்கியமான காரணம்.

திருத்திய கதை

மாமா இருந்த ஆறு வாரமும் அந்த விமானத்தைத் திரும்பக் கட்டினோம். வடிகட்டியை எம்-சீல் உருட்டிச் செதுக்கினேன். பீரங்கிக் குழல் பால்பாயிண்ட் ரீஃபில். பளபளப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மட்டப்படுத்தினேன். வட்டங்களைக் கையால் வரைந்து பூசினேன்.

பழமை ஏற்றும் முறையை மட்டும் அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். கறுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்துத் தகடுகளின் இணைப்பில் தூரிகை நுனியால் தொட்டால், அது தானே கோடு வழியே ஓடி நிற்கும். அசலில் எண்ணெய் கசிந்து நின்ற இடங்கள் அவை. புகைக்குழாய்க்குப் பின்னால் புகைக் கறை பின்னோக்கிப் படிய வேண்டும். வெள்ளி தெரிய வேண்டிய இடம் இடது இறக்கை உடலோடு சேரும் பகுதி. "விமானி ஏறுவான், நாங்க நூறு தடவை ஏறுவோம். அங்கே தேயாம வேற எங்கே தேயும்?" அந்த மாதிரியில் இருக்கிற ஒவ்வொரு கறையும் யாரோ ஒருவர் வேலை பார்த்த இடம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விமானிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. 1944-இல் இம்பாலில் ஒன்றாம் ஸ்குவாட்ரனை நடத்தி டி.எஃப்.சி. பதக்கம் பெற்ற அர்ஜன் சிங் பிற்பாடு நம் விமானப்படையின் மார்ஷலாகவே ஆனார். ஃபிட்டர்களின் பெயர் எங்கே இருக்கிறது? தேய்ந்த இடத்தில் இருக்கிறது.

கடைசியில் ஒரு வேலை பாக்கி. பர்மாவில் ஹரிக்கேன்கள் இறக்கைக்குக் கீழே குண்டும் கொண்டுபோயின. இரண்டு குண்டு செய்து வைத்திருந்தேன். ஒட்டப்போனபோது மாமா, "அது வேண்டாம்டா" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அன்று ராத்திரிதான் சொன்னார். அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதப் போனவர். 1943-இல் நேதாஜி வந்தபின் தோட்டத் தமிழர்கள் ஏராளமாக ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்களே, அதில் அவரும் சேர்ந்தார் என்று போர் முடிந்தபின் ஊருக்குச் செய்தி வந்தது. அதற்குப்பின் ஒரு கடிதமும் இல்லை. "அவன் இம்பால் வரைக்கும் வந்தானான்னே தெரியாது. வராமலும் இருந்திருக்கலாம். குண்டு கட்டினது நான். கட்டும்போது யாருக்குன்னு நினைச்சுக்கிட்டா கட்டினேன்?" அவ்வளவுதான். ஐம்பது வருஷம் போரைப்பற்றி வாய் திறக்காமல் இருந்ததற்கான காரணமும் எனக்குக் கிடைத்துவிட்டது.

குண்டுகளை எடுத்து டப்பாவில் போட்டேன். மாட்டும் கொக்கிகளை மட்டும் விட்டுவைத்தேன். வரலாற்றுக்கு அது வேண்டும். மாமாவுக்கு வெறுமை வேண்டும்.

ஊர் திரும்புமுன் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அவரை அழைத்துப்போனேன். அங்கே ஸ்பிட்ஃபயர் இருக்கிறது, ஹரிக்கேன் இருக்கிறது, ஜப்பானியரின் தற்கொலை விமானமான ஓகாவும் இருக்கிறது. மாமா ஹரிக்கேனின் வால்பக்கமே நின்றுகொண்டிருந்தார். 2001-இல் காலமானார்.

நம் பிள்ளைகளுக்கு

போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்களை எதிர்த்து எழுந்தவை இதே ஹரிக்கேன்கள்தான். இடையில் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த மாதம் சென்னையே காலியாயிற்று. சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு கும்பகோணம் வீட்டில் வந்து இறங்கியதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையில் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்கள் நம் சென்னை ராஜதானியின் பெயரைத் தாங்கியிருந்தன. 129-ஆம் ஸ்குவாட்ரன் மைசூர் பெயரையும் கண்டபேருண்டச் சின்னத்தையும் தாங்கியது. 1940-இல் 234-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டிப் பெயரெடுத்த பாப் டோ என்ற விமானி, பிறகு இந்தியாவுக்கு வந்து நம் விமானப்படையின் பத்தாம் ஸ்குவாட்ரனை உருவாக்கிப் பர்மாவில் நடத்தினார்.

போன பொங்கல் விழாவுக்கு அந்த ஹரிக்கேனைச் சங்கத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். எட்டு வயசுப் பையன் ஒருவன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல பாம் மாட்டுற இடம் இருக்கு, பாம் எங்கே?" என்று கேட்டான். பெரியவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வி. உட்காரவைத்து மாமா கதையைச் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ராணுவச் சான்றிதழோ, சீருடையில் நிற்கும் ஒரு புகைப்படமோ இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் ஒரு தவறான சிவப்புப் பொட்டு வைத்ததால் எனக்கு இவ்வளவும் கிடைத்தது. தவறு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.