ஒரே பந்தியில் உட்காரும் வயது

போன வருஷம் திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், நாளைக்கு முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் வகுப்புக்கு வர வேண்டியதில்லைல?" அவன் குறும்பாகக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன் நேரத்தை மாற்றி வைக்க வேண்டும், அதற்காகக் கேட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

செல்லூரைத் தாண்டி, கூடல்நகர் ரயில் நிலையத்துப் பக்கம் வந்தால் எங்கள் ஆனையூர். 2011ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. நான் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வுபெற்று இங்கே வீடு கட்டி வந்ததிலிருந்து திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். அன்று இரவு பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன். திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் அடுத்த ஆண்டே வாலிபர் கூட்டத்தில் இல்லை. விசுவாசத்துக்குள் வரும் வாசலாக இருக்க வேண்டிய நாளை, நாமே வழியனுப்பு விழாவாக ஆக்கிவிட்டோம். எப்போதிருந்து இப்படி ஆனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கத் தோன்றியது.

மதுரையில் சீர்திருத்தச் சபையின் கதை யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறது. 1834ல் வில்லியம் டாட், ஹென்றி ஹாய்சிங்டன் என்ற இரண்டு அமெரிக்க மிஷனரிகள் அங்கிருந்து கடல் தாண்டி வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த டேனியல் பூவர், வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய கையோடு வந்தவர். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1842ல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845ல் பசுமலைக்கு மாறியது. பள்ளியிலேயே தங்கிச் சாப்பிட்டுப் படித்த பையன்கள் வினாவிடையை மனப்பாடம் செய்தார்கள், வசனம் ஒப்பித்தார்கள். பதில் தெரிந்தவன் தேறினவன் என்று அன்றும் நினைத்திருப்பார்கள்.

அந்த நினைப்பு 1847ல் உடைந்தது. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, மற்ற சாதி விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று மதுரை மிஷன் முடிவெடுத்தது. மறுத்தவர்களைச் சபை ஐக்கியத்திலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் மிஷன் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த உபதேசியார்களும் உண்டு. பசுமலையிலும் மாணவர்கள் செமினரியை விட்டுப் போனார்கள். வேதபாடத்தில் முதலில் நின்ற பையன்கள் ஒரு கவளம் சோற்றின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சம்பளமும் பள்ளிக்கூடமும் கையில் வைத்திருக்கிற வெளிநாட்டார், "சாப்பிடு, இல்லாவிட்டால் போ" என்று சொன்ன முறையை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. கட்டாயத்துக்குச் சாப்பிட்டவன் மனசு மாறியவன் ஆகிவிட மாட்டான். ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒரு பிள்ளை விசுவாசத்தில் வளர்ந்திருக்கிறதா என்று அறிய, யாரோடு உட்காருவாய் என்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. எபிரெயர் நிருபத்தை எழுதியவரும் பால் குடிக்கிற குழந்தையையும் பலமான ஆகாரம் உண்கிறவரையும் வைத்துத்தானே முதிர்ச்சியைப் பேசுகிறார்!

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களை விடத் தேவையில்லை என்று தம் காலத்துப் புது மிஷனரிகளோடு வாதாடியவர். அவருடைய கீர்த்தனைகளைச் சேர்த்து 1853ல் பாட்டுப் புத்தகமாக்கியவர் எட்வர்ட் வெப், சமபந்திச் சோதனை வைத்த அதே மதுரை மிஷனைச் சேர்ந்தவர். இன்றும் எங்கள் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். பாட்டை எழுதியவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதையும் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியவர்களுக்கும் வளரவேண்டிய பாக்கி உண்டு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த திருப்பம் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் நடந்தது. 1881 பிப்ரவரி 2ஆம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தம் சபைப் பிள்ளைகளைத் தம் வீட்டுக்கே அழைத்து உட்கார வைத்தார். எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பிய இந்த இளசுகளை அடுத்து என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. என் கவலையும் அதேதான். அன்று அவர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் மிஷன் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் வந்தது. 1909ல் அதன் உலக மாநாடு ஆக்ராவிலேயே கூடியது.

அந்தச் சங்கத்தின் ஏற்பாடு எளிமையானது. தினமும் வேதம் வாசிப்பேன், ஜெபிப்பேன் என்று ஒவ்வொருவரும் வாக்குக் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்தால் சும்மா உட்காரக் கூடாது. பாட்டுப் பாடுவது கணக்கில் வராது, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மாதம் ஒரு முறை பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் எழுந்து ஒரு வசனமோ தன் அனுபவமோ சொல்ல வேண்டும். வர முடியாதவர் எழுதி அனுப்ப வேண்டும். நோயாளிகளைப் பார்க்க ஒரு குழு, புதிதாய் வருகிறவர்களைக் கவனிக்க ஒரு குழு என்று எல்லோருக்கும் வேலை உண்டு.

என் அப்பா 1930களின் கடைசியில் பசுமலை விடுதியில் இருந்து படித்தவர். பெயர் கூப்பிடும் அந்தக் கூட்டத்துக்குப் பயந்து, யோவான் சுவிசேஷத்தில் இருக்கிற மிகச் சின்ன வசனத்தை, ஆண்டவர் அழுததைச் சொல்லும் வசனத்தை, மூன்று மாதம் தொடர்ந்து சொல்லி ஒப்பேற்றினாராம். நான்காம் மாதமும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளராக இருந்த மூத்த மாணவர் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போய், "தம்பி, அவர் ஏன் அழுதார்னு அடுத்த மாசம் சொல்லு" என்றாராம். அந்த ஒரு மாதம்தான் நான் முதல்முதலாக வேதத்தை வாசித்தேன் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அதட்டியிருந்தால் ஓடியிருப்பார். பாராட்டியிருந்தால் அதே வசனத்தில் நின்றிருப்பார். அவரைவிட மூன்று வயது மூத்த ஒருவர் ஒரு கேள்வியைக் கொடுத்து, பதிலுக்காகக் காத்திருந்தார்.

வேலை கொடுத்தால் இளைஞர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1900ல் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தாங்களாகவே ஒரு மிஷனரிச் சங்கம் தொடங்கி, நம் இராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிற தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். 1902ல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. அசரியாவுக்கு அப்போது 28 வயது. 1912ல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

பெண்பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. 1892ல் ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் மதுரையில் பெண்களுக்கான வேதாகமப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இரட்சண்யபுரம் என்றால் பழைய மதுரைக்காரர்களுக்குத் தெரியும். என் அம்மாவின் அம்மா அங்கே பயிற்சி பெற்றவர். இளம் விதவை. கையில் வேதபுத்தகமும் ஒரு குடையுமாக வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். திண்ணையோடு நிறுத்திய வீடுகள் உண்டு, அடுப்படிவரை கூப்பிட்ட வீடுகளும் உண்டு. எந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதைப் பாட்டி கடைசிவரை நினைவில் வைத்திருந்தார்.

1908ல் மதுரை மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு 37 வயது. அமெரிக்க மிஷன் வழிவந்த நம் சபைகளில் அதற்குமுன் பேராயரும் இல்லை, பேராயர் கைவைத்துத் திடப்படுத்துவதும் இல்லை. நற்கருணைக்குச் சேர விரும்பும் பிள்ளையைப் போதகரும் சபை மூப்பர்களும் விசாரித்துச் சேர்ப்பார்கள். 1950ல் வந்த புதிய திடப்படுத்தல் முறைமை அந்த இரண்டு வழக்கத்தையும் சேர்த்துக் கட்டியது. ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையின் முழு ஐக்கியத்தில் ஏற்றுக்கொள்ளும் ஆராதனை என்பதே அதன் பெயர். ஏற்றுக்கொள்ளுதல் என்கிற சொல்லைக் கவனியுங்கள். முடித்துவைத்தல் என்ற பொருளே அதில் கிடையாது.

நியூபிகின் தமிழ் கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். புதிய சபை பிறந்த ஊரில், சம்பளத்துக்கு உபதேசியார் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த ஊர்க்காரர்களையே சபை நடத்தப் பழக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கற்றுக்கொண்டு முடித்த பிறகு பொறுப்புக் கொடுப்போம் என்று அவர் நினைக்கவில்லை. பொறுப்பே கற்றுக்கொடுக்கும் என்று நம்பினார். என் வகுப்பில் நான் செய்த பிழை இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கேள்விபதில் எல்லாம் கொடுத்தேன், பொறுப்பு எதையும் கொடுக்கவில்லை.

1969ல் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. போதகராகப் போகிறவர்களைக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே, ஏழைகள் வாழும் பகுதிகளில் குடியிருந்து படிக்க வைத்த கல்லூரி அது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, "பறட்டை" என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், 2005ல் மறைந்தார். பறையும் நாட்டுப்புற மெட்டுமாக வழிபாட்டை அமைத்தவர். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே விசுவாச வாழ்க்கை என்பது அவர் போதனையின் நடுநாயகம். 1847ல் பசுமலையில் கட்டாயமாக வைத்த பந்தியை இவர் உரிமையாகவும் கொண்டாட்டமாகவும் மாற்றி வைத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் பந்தி இன்னும் முழுமையாகவில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு கிராமத்துச் சபையின் அன்பின் விருந்துக்குப் போயிருந்தோம். ஒரு குடும்பத்துக்கு மட்டும் சுவரோரம் தனியாக இலை போட்டார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. தன் இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்தார். நானும் என் இலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ரசம் வழிந்து பாவாடை நனைந்தது. நான் திடப்படுத்தல் பெற்றது பதினைந்து வயதில் என்று சபைப் பதிவேடு சொல்லும். என் கணக்கில் அது பத்து வயதில், அந்தச் சுவரோரத்தில் நடந்தது.

இந்த வருஷம் வகுப்பை மாற்றியிருக்கிறேன். பதினொரு பிள்ளைகள். வினாவிடை உண்டு, அதை விட மாட்டேன். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் பெயர் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் போன வருஷங்களில் திடப்படுத்தல் பெற்ற ஓர் அண்ணனையோ அக்காவையோ துணையாக வைத்திருக்கிறேன். அதற்காக அந்தப் பழைய பிள்ளைகள் வீட்டுக் கதவை நானே போய்த் தட்டினேன். டியூஷன் கேள்வி கேட்ட பையனும் அதில் ஒருவன். இப்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவன்தான் அண்ணன். படுக்கையாய்க் கிடக்கிற முதியவர்களின் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போய் வேதம் வாசிக்கிறார்கள். ஆராதனை முடிந்து வரும் விருந்தை இந்த முறை அவர்களே சமைக்கிறார்கள், ஒரே அண்டாவில். பரிமாறிவிட்டுக் கடைசியில் சேர்ந்து உட்காருவார்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளை உடைக்கும் போட்டோவுக்கும் கேக்குக்கும் செலவு செய்யுங்கள், நான் குறை சொல்லவில்லை. திடப்படுத்தல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை எழுப்பி அனுப்புங்கள். வகுப்பு உண்டு.