முசிறியில் நீர்க்கடுப்பு

எங்கள் ஊரான முசிறியில் லேப் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் வைத்தியர்கள் சிறுநீரைப் பார்த்து நோய் சொன்னார்கள். தேரையர் பெயரில் வழங்கும் நூல்களில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு முறை உண்டு. விடியற்கால நீரின் நிறம், எடை, நாற்றம், நுரை பார்ப்பது ஒன்று. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பது மற்றொன்று.

நான் லேப் தொழில் கற்றது ஸ்பிரிட் விளக்கில். பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரைக்கு ஏற்ப நீலம் பச்சையாகும், செங்கல் நிறம்வரை போகும். நீர்க்கடுப்பென்று வந்தால் நீரைச் சுழற்றி, அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்து சீழ் செல் எண்ணுவோம். கண் வலிக்கும் வேலை.

பிறகு சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் ஸ்டிரிப் வந்தது. 1956-இல் அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியின் உழைப்பில் சர்க்கரைக்கென்று வந்த பட்டை, பின்னாளில் பல கட்டங்களாக வளர்ந்தது. அதில் நைட்ரைட் கட்டத்தின் ரசாயனம் இன்னும் பழையது. இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலைபார்த்த ஜெர்மானியர் பீட்டர் கிரீஸ் 1879-இல் சொன்னது. நாம் தின்னும் கீரை, காய்களின் நைட்ரேட் சிறுநீரில் இறங்கும், ஈகோலை போன்ற கிருமி அதை நைட்ரைட்டாக மாற்றும், கட்டம் இளஞ்சிவப்பாகும். பக்கத்துக் கட்டம் வெள்ளணுக்களின் நொதியைக் காட்டும். எல்லாக் கிருமியும் நைட்ரைட் செய்வதில்லை. அதனால் நிறம் மாறாவிட்டாலும் நோய் இல்லை என்று நான் சொன்னதில்லை.

நைட்ரைட் சேரச் சுமார் நான்கு மணி நேரம் நீர் சிறுநீர்ப்பைக்குள் இருக்கவேண்டும். அதனால்தான் நாங்களும் விடியற்கால நீரே கேட்கிறோம். ஆனால் பகலெல்லாம் அப்படி அடக்கினால் அதுவே கிருமிக்கு வசதி. கோரைப்பாய் நெய்கிற பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிட்டு வருவார்கள். கைவைத்தியமாகக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கும். “தண்ணி குடிக்கலையா அக்கா?” என்பேன். “குடிச்சா எங்கம்மா போறது? இருட்டணும்ல” என்பார்கள். எனக்கு நெஞ்சு பதறும். இந்த நோய்க்கு வைத்தியரும் லேப்பும் மட்டும் போதாது, பகலில் போகக் கழிப்பறையும் வேண்டும் என்று அங்கேதான் புரிந்தது.

காவிரிக் கரையென்பதால் முசிறியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழிக் கக்கூஸ் போட்டால் கிணறு கெடும். ‘ஸ்கோப்’ தொண்டு அமைப்பின் மராச்சி சுப்புராமன் இதற்கு வழி தேடி, 2006 வாக்கில் சாலியர் தெருவில் சூழல் கழிப்பறை கட்டினார். மலம் தனி, சிறுநீர் தனி. மலத்தின் மேல் சாம்பல் தூவி மக்க வைத்தார்கள். உபயோகிப்பவருக்கே காசு கொடுத்தது 2008-இல் உலகச் செய்தியானது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. என் கணக்கில், நீர்க்கடுப்பின் வரலாற்றில் கிரீஸுக்குப் பக்கத்தில் எழுதவேண்டிய பெயர் இது. பெண்கள் பகலிலேயே போய்வரத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கிடைத்தது. தொட்டியில் சேர்ந்த சிறுநீரில் தழைச்சத்து உண்டு. அதை வாழைக்கு உரமாக விட்டுப் பார்த்தார்கள்.